யாருடைய கையும் படாமல்: தலவாக்கலையிலிருந்து சி நிரல் வரை எழுமாற்று எண்களின் கதை

நிரல் எழுதப் பழகுகிற எவரும் ஒருநாள் 'ஃபிஷர்–யேட்ஸ் கலைப்பு' என்ற பெயரைச் சந்தித்தே ஆக வேண்டும். ஒரு பட்டியலைச் சீட்டுக்கட்டு மாதிரி நியாயமாகக் கலைப்பதற்கான வழி அது. பாட்டுக் கேட்கும் செயலியில் பாட்டு வரிசை மாறுவது, பரீட்சைக் கேள்விகளின் ஒழுங்கு மாறுவது, ஆய்வுக்கு வீடுகளைத் தெரிவு செய்வது எல்லாத்துக்கும் அடியில் பெரும்பாலும் இந்தக் கலைப்புத்தான் இருக்கிறது. சி மொழியில் ஏழெட்டு வரியில் எழுதிவிடலாம்.

அந்தப் பெயரில் பாதிக்குச் சொந்தக்காரர் ஃபிராங்க் யேட்ஸ். கணினியே இல்லாத 1933 ஆம் ஆண்டில் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கூட எழுதியவர் டி. ஈடன். அந்தக் காலத்தில் ஈடன் வேலை பார்த்த இடம் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம். நம்ம தலவாக்கலையில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறதே, அதே நிறுவனம்தான்.

எழுமாற்று எண் என்றதும் அமெரிக்கா, அணுகுண்டு, கசினோ என்றுதான் கதையை ஆரம்பிப்பார்கள். தேயிலை மலையிலிருந்தும் ஆரம்பிக்கலாம். அப்படி ஆரம்பித்தால், அந்த எண்கள் எதுக்காகத் தேவைப்பட்டன என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

'எழுமாறு' என்றால் என்ன?

நம்ம பாடப்புத்தகத்தில் 'எழுமாறு' என்கிறோம். தமிழ்நாட்டில் 'சமவாய்ப்பு' என்கிறார்கள். இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் முழுமையாகிறது. ஒழுங்கில்லாமல் எழ வேண்டும். எல்லாருக்கும் சமமான வாய்ப்பும் இருக்க வேண்டும்.

ஆனால் பேச்சில் நாம 'சும்மா கைக்கு வந்ததை எடுத்தேன்' என்பதையும் எழுமாறு என்று நினைத்துக்கொள்கிறோம். அது எழுமாறே இல்லை. ஒருவரிடம் 1 இலிருந்து 10 வரை ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லுங்க. ஒன்றும் பத்தும் லேசில் வராது, ஏழு அடிக்கடி வரும். மனசுக்கு ஒரு சாய்வு இருக்கிறது, கைக்கும் இருக்கிறது. அதிகாரம் உள்ள கைக்கு அந்தச் சாய்வு இன்னும் கூட.

பெரட்டுக்களத்தில் எந்த நிரையை யாருக்குக் கொடுப்பது என்பதில் எத்தனை மனஸ்தாபம் வந்திருக்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து நிறைந்த நிரை ஒருத்திக்கு, கவ்வாத்து வெட்டிக் கொழுந்தே இல்லாத நிரை இன்னொருத்திக்கு. 'நான் பார்த்துப் பார்த்தா குடுத்தேன்? சும்மா குடுத்தேன்' என்று கங்காணி சொல்வார். அந்தச் 'சும்மா'வை நம்புவதா இல்லையா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வியும்.

மலைச்சரிவில் ஒரு பரிசோதனை

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925 இல் தொடங்கப்பட்டது. எந்த உரம் நல்லது, எவ்வளவு போடணும், கவ்வாத்து எப்போது என்பதெல்லாம் அதன் கேள்விகள். கேட்க லேசு. பதில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஏனென்றால் எங்கள் மலை சமதரை இல்லை. மேல் சரிவில் மண் அரித்துப் போயிருக்கும். அந்த மண் கீழே வந்து சேர்ந்திருக்கும். ஒரு பக்கம் காற்று அடிக்கும், மற்றப் பக்கம் மறைவு. அதோடு அன்றைக்கு மலை முழுக்க விதைத் தேயிலை. இன்றைக்கு இருக்கிற வீ.பி. தேயிலை ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி வளர்த்தது, செடிக்குச் செடி ஒரே குணம். விதைத் தேயிலை அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துச் செடியே வேறு வேறு மாதிரி விளையும். இந்த நிலையில் ஒரு துண்டுக்குப் புது உரத்தைப் போட்டு, பக்கத்துத் துண்டுக்குப் போடாமல் விட்டு, முதலாவதில் கொழுந்து கூடுதலாக வந்தால், அது உரத்தாலா, மண்ணாலா, செடியாலா? எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் துண்டுக்கு உரம் என்று மனிதர் தெரிவு செய்தால், தனக்குப் பிடித்த உரத்தை நல்ல துண்டில் போட்டுவிடுவார். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை, தெரியாமலே செய்வார்.

இதற்கு ஒரு வழியைச் சொன்னவர் ஆர். ஏ. ஃபிஷர். இங்கிலாந்தில் ரொதாம்ஸ்டெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்தில் 1919 இலிருந்து வேலை பார்த்தவர். நிலத்தைத் தொகுதி தொகுதியாகப் பிரி. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தத் துண்டுக்கு எந்த உரம் என்பதை நீ தீர்மானிக்காதே, எழுமாறாகத் தீர்மானி. அப்போதுதான் மண்ணின் சாய்வு எந்த உரத்துக்கும் நிரந்தரமாகச் சாதகமாகாது. வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும்.

ஃபிஷர் 1935 இல் எழுதிய புத்தகத்தில் இதை விளக்க எடுத்த உதாரணமும் தேத்தண்ணிதான். கோப்பையில் முதலில் பால் ஊற்றினார்களா, முதலில் தேநீர் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பை. நான்கில் முதலில் பால், நான்கில் முதலில் தேநீர். கோப்பைகளை எழுமாற்று ஒழுங்கில் கொடுத்தால் குத்துமதிப்பாகச் சொல்லி எல்லாம் சரியாக வருவதற்கு வாய்ப்பு 70 இல் 1. ஒழுங்கை ஒருவர் தன் இஷ்டத்துக்கு வைத்தால் இந்த 70 இல் 1 என்ற கணக்குக்கு அர்த்தமே இல்லை. எழுமாறுதான் அந்தக் கணக்கைத் தாங்கி நிற்கிற தூண்.

ஈடன் ரொதாம்ஸ்டெட்டில் ஃபிஷரோடு சேர்ந்து வேலை செய்து, கட்டுரைகளும் எழுதியவர். பிறகு இலங்கைக்கு வந்தார், இந்த முறையும் அவரோடு வந்தது. தேயிலையில் பரிசோதனை செய்தால் எவ்வளவு பிழை வரும், அதை எப்படிக் குறைப்பது என்று 1931 இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பரிசோதனைக்கு முன்பே அந்தத் துண்டுகளில் எவ்வளவு கொழுந்து வந்தது என்ற கணக்கைக் கையில் வைத்திருந்தால், பின்னால் வரும் முடிவை இன்னும் துல்லியமாக்கலாம் என்பது அதில் ஒரு முக்கியமான விசயம். ஈடனின் இலங்கைத் தேயிலைக் கணக்கை ஃபிஷர் தன் புகழ்பெற்ற புள்ளியியல் பாடநூலில் உதாரணமாகவே சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு நிமிசம் நில்லுங்க. அந்தக் கணக்கில் இருக்கிற ஒவ்வொரு இலக்கமும் யாரோ கையால் கிள்ளி, கூடையில் போட்டு, சுமந்து வந்து, துண்டு துண்டாக நிறுத்த கொழுந்து. உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்கள் அதை வைத்துப் படித்திருக்கிறார்கள். கொழுந்தைக் கிள்ளியவர்களின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கணக்குக்குள் நம் மக்களின் உழைப்பு எப்போதும் இருந்தது, ஆட்கள்தான் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் மறுபடியும் இந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கும்.

ஆயிரம் தடவை கலைத்தல்

இப்போது 1933 கட்டுரைக்கு வருவோம். ஃபிஷரின் சோதனைக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருந்தது: அளவுகள் மணி வடிவத்தில் பரவியிருக்க வேண்டும். உண்மையான வயலில் அப்படி இல்லாவிட்டால்? ஈடனும் யேட்ஸும் அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார்கள். மணி வடிவத்தில் இல்லாத, ஒரு பக்கம் சாய்ந்த கோதுமை உயர அளவுகளை எடுத்தார்கள். எட்டுத் தொகுதி, ஒவ்வொன்றிலும் நான்கு துண்டு. நான்கு பராமரிப்பு முறைகளை ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். உண்மையில் வேறுபடுகிற ஏற்பாடுகளை மட்டும் எண்ணினாலே 4,586,471,424 வருகிறது. நொடிக்கு ஒன்று என்று ஓயாமல் செய்தாலும் 145 வருசம் ஆகும்.

அதனால் அவர்கள் எல்லாவற்றையும் செய்யவில்லை. எழுமாறாக ஆயிரம் ஏற்பாடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டார்கள். வந்த முடிவுகள் ஃபிஷரின் கோட்பாட்டோடு நன்றாகவே ஒத்துப்போயின.

இன்றைக்கு ஒரு மடிக்கணினி இதைக் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். ஆனால் யோசனையைப் பாருங்க: எல்லாவற்றையும் பார்க்க முடியாதபோது, எழுமாறாகச் சிலவற்றை எடுத்துப் பார்த்தாலே முழுப் படம் தெரியும். 1940களின் கடைசியில் உலாமும் வொன் நொய்மனும் செய்த, 'மொண்டி கார்லோ' என்று பெயர் பெற்ற வேலைக்கு அடிப்படை இதேதான்.

எண்கள் எங்கிருந்து வந்தன?

ஆயிரம் தடவை கலைக்க எழுமாற்று எண்கள் வேண்டுமே. 1927 இல் டிப்பெட் என்பவர் குடிசனமதிப்பு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைப் பொறுக்கி, 41,600 இலக்கங்கள் கொண்ட புத்தகமாகவே வெளியிட்டார். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸின் குழு அந்த எண்களிலிருந்து மணி வடிவப் பரவலுக்கான அட்டவணையை 1934 இல் தயாரித்தது. வங்காளத்தில் சணல் எவ்வளவு விளைகிறது என்பதை எழுமாற்று மாதிரி எடுத்து மதிப்பிடும் பெரும் வேலையையும் மகலனோபிஸ் 1930களில் ஆரம்பித்தார்.

1938 இல் ஃபிஷரும் யேட்ஸும் 15,000 இலக்கங்களை வெளியிட்டார்கள். 20 தசம தானம் வரை போகிற ஒரு மடக்கை அட்டவணையின் கடைசித் தானங்களிலிருந்து எடுத்தவை. சோதித்தபோது ஆறு கொஞ்சம் அதிகமாக வந்திருந்தது. சில ஆறுகளை எடுத்துவிட்டு வேறு இலக்கம் போட்டார்கள். எழுமாறைக் கையால் திருத்தினால் அது எழுமாறா என்ற வாதம் அப்போதே கிளம்பியது. கலைப்பு முறை வந்ததும் இதே புத்தகத்தில்தான். 1939 இல் கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் சுழலும் தட்டில் வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் பாய்ச்சி 100,000 இலக்கங்கள் எடுத்தார்கள். 1955 இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் பத்து லட்சம் இலக்கங்களைப் புத்தகமாகவே போட்டது. பக்கம் பக்கமாக வெறும் எண்!

இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு பாத்திரத்தில் சீட்டைப் போட்டுக் குலுக்கி எடுத்தால் போதாதா?

இரண்டு பாத்திரங்கள்

போதும், ஒழுங்காகக் குலுக்கினால். தமிழர் வரலாற்றில் இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், குடவோலை முறையை வரி வரியாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அங்கே இருக்கிற மற்றவர்களும் வாசிக்க வேண்டும்.

அந்த ஐந்து விரலை விரிக்கிற விதியைக் கவனிங்க. கைக்குள் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக்கூடாது என்பதற்காக. ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது: எழுமாறு நடந்தால் மட்டும் போதாது, நடந்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

இரண்டாவது பாத்திரம் வாசிங்டனில். 1969 டிசம்பர் 1. வியட்நாம் போருக்கு யாரை அனுப்புவது என்று பிறந்த திகதியைக் குலுக்கி எடுத்தார்கள். 366 சிறு உருளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திகதி. முதலில் எடுக்கப்படும் திகதிக்காரர்கள் முதலில் போக வேண்டும். ஆனால் உருளைகளை மாத வரிசையில் பெட்டியில் போட்டிருந்தார்கள், கலைத்தது போதவில்லை. வருசக் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் திகதிகள் அளவுக்கு மீறி முதலில் வந்தன. புள்ளியியலாளர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அடுத்த வருசம் எழுமாற்று எண் அட்டவணைகளையும் பாவித்து முறையை மாற்றினார்கள். டிசம்பரில் பிறந்த குற்றத்துக்காகப் போருக்குப் போனவர்களுக்கு அது உதவவில்லை.

மோசமான எழுமாறு என்பது கணக்குப் புத்தகத்துக்குள் நிற்கிற பிழை இல்லை. அதற்கு ஆட்கள் விலை கொடுக்கிறார்கள்.

கணினிக்குள் தற்செயல் இல்லை

இப்போது கணினிக்கு வருவோம். கணினி சொன்னதைத்தான் செய்யும். அதனிடம் 'ஏதாவது ஒரு எண் சொல்லு' என்று கேட்க முடியாது. அதனால் எழுமாறு மாதிரியே தெரிகிற எண்களைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் வழிகளைத் தேடினார்கள்.

வொன் நொய்மனின் வழி: நான்கு இலக்க எண்ணை வர்க்கமாக்கி நடுவில் உள்ள நான்கு இலக்கத்தை எடு. 1234 இன் வர்க்கம் 01522756, நடுவில் 5227. அடுத்து 3215. நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 2100 இல் போய் விழுந்தால்? 4100, 8100, 6100, மறுபடி 2100. செக்குமாடு மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1949 இல் லேமர் வேறு வழி சொன்னார். கையில் இருக்கும் எண்ணை ஒரு எண்ணால் பெருக்கு, இன்னொரு எண்ணால் வகுத்து மீதியை எடு. அந்த மீதிதான் அடுத்த எண். பிற்காலத்தில் பெருக்கிய பின் ஒரு எண்ணைக் கூட்டுவதும் சேர்ந்தது. 1989 இல் வந்த சி தரநிலை 'ராண்ட்' சார்புக்கு உதாரணமாகத் தந்ததும் இந்த வகைதான்: 1103515245 ஆல் பெருக்கி 12345 ஐக் கூட்டி, அதன் மேல் பகுதியிலிருந்து 0 தொடக்கம் 32767 வரையான ஒரு எண்ணைத் தருவது.

முதல் எண்ணுக்கு 'விதை' என்று பெயர். ஆனால் இது விதைத் தேயிலையின் விதை மாதிரி இல்லை. ஒரே விதையைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக அதே வரிசைதான் வரும். வீ.பி. தேயிலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க.

பெருக்கும் எண்ணைப் பிழையாகத் தெரிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐ.பி.எம். கணினிகளில் 1960களில் பரவலாக இருந்த 'ராண்டு' சாட்சி. அது 65539 ஆல் பெருக்கும். எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. மூன்று மூன்றாக எடுத்து வெளியில் புள்ளிகளாக வைத்தால், எல்லாப் புள்ளியும் வெறும் 15 தளங்களில் அடுக்கி நிற்கும். இந்த வகை எண்கள் எல்லாமே தளங்களில்தான் விழும் என்று மார்சாலியா 1968 இல் நிறுவினார். நல்லதில் தளங்கள் எக்கச்சக்கம், ராண்டுவில் பதினைந்துதான். தேயிலை மலையை ரோட்டிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் மாதிரி இருக்கும். சரியான மூலையில் போய் நின்றால்தான் நிரை நிரையாகத் தெரியும். ராண்டுவும் அப்படித்தான். அதை நம்பி வருசக்கணக்காகச் செய்த கணக்குகளை மறுபடி சந்தேகிக்க வேண்டி வந்தது.

இரண்டு தோட்டத்துப் பட்டியல்

இதெல்லாம் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ஒரு கற்பனை வேலையை எடுத்துக்கொள்வோம். 20,000 வீடுகளின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து சில வீடுகளை எழுமாறாக எடுக்கணும். நிரல் எழுதுகிறவர் 'ராண்ட்' தருகிற எண்ணை 20,000 ஆல் வகுத்து மீதியை எடுக்கிறார். எல்லாப் பாடத்திலும் இப்படித்தான் இருக்கும்.

ராண்ட் தருவது 0 இலிருந்து 32767 வரை, மொத்தம் 32,768 எண்கள். விண்டோஸில் மைக்ரோசொஃப்ட் தொகுப்பியில் இன்றைக்கும் இதுதான் எல்லை. மீதி எடுத்தால் பட்டியலின் முதல் 12,768 வீடுகளுக்கு இரண்டு வழியில் வாய்ப்பு வரும். மிச்சம் 7,232 வீடுகளுக்கு ஒரே ஒரு வழிதான். அதாவது பட்டியலின் வாலில் இருக்கிறவர்களுக்குப் பாதி வாய்ப்பு. பட்டியல் ஒரு லட்சம் வீடு என்றால் இன்னும் மோசம்: 32,768 க்குப் பிறகு உள்ள ஒரு வீடும் எந்தக் காலத்திலும் தெரிவாகாது. நிரல் ஒரு பிழையும் காட்டாது. அழகாக ஓடி முடியும்.

பட்டியலில் நகரம் முதலில், கிராமம் அடுத்து, தோட்டம் கடைசியில் இருந்தால்? லயத்து வீடுகள் வாலில் இருந்தால்? எந்த அதிகாரியும் எங்களை ஒதுக்க நினைக்கவில்லை. ஒரு வகுத்தல் குறி ஒதுக்கிவிட்டது.

கலைப்பிலும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. ஃபிஷர்–யேட்ஸ் முறையை 1964 இல் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்ற மாதிரி எழுதினார்: கடைசி இடத்திலிருந்து தொடங்கு, இன்னும் தீர்க்கப்படாத இடங்களுக்குள் மட்டும் ஒன்றை எழுமாறாக எடுத்து மாற்று, ஒரு படி கீழே வா. பலர் 'தீர்க்கப்படாத இடங்களுக்குள் மட்டும்' என்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். மூன்று சீட்டு என்றால் அப்படி 27 வழி. ஆனால் ஒழுங்குகள் 6. 27 ஐ 6 ஆல் சரியாகப் பங்கிட முடியாதே! சில ஒழுங்கு கூடுதலாக வந்தே தீரும்.

விதையும் கவனம். பலர் கடிகார நேரத்தை விதையாகப் போடுவார்கள். 1999 இல் ஒரு இணையப் போக்கர் விளையாட்டில் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி நொடி என்பதே விதை. ஒரு நாளில் 86,400,000 மில்லி நொடிதான். தெரிந்த சில சீட்டை வைத்தே மற்றவர் எல்லாருடைய சீட்டையும் கண்டுபிடிக்கலாம் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். 2006 இல் டெபியன் லினக்ஸில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சி மென்பொருளில் எச்சரிக்கை ஒன்றை நீக்குவதற்காகச் சில வரிகளை எடுத்துவிட்டார்கள். எழுமாறு சேர்வதே அந்த வரிகளால்தான். 2008 வரை யாரும் கவனிக்கவில்லை. அதுவரை உண்டான இரகசியச் சாவிகள், ஒவ்வொரு அளவுக்கும் வகைக்கும் 32,768 சாத்தியத்துக்குள் அடங்கிவிட்டன.

அப்ப என்ன செய்றது?

எதுக்காக எண் வேண்டும் என்று முதலில் கேளுங்க. மூன்று விதமான தேவை இருக்கிறது, மூன்றுக்கும் மூன்று மருந்து.

ஆய்வுக் கணக்குக்கும் போலச்செய்தலுக்கும் என்றால், நன்றாகச் சோதிக்கப்பட்ட உற்பத்தி முறை வேண்டும். ஜப்பானில் மட்சுமொட்டோவும் நிஷிமுராவும் 1997 இல் உருவாக்கிய மெர்சென் ட்விஸ்டர், அதற்குப் பின் வந்த பிசிஜி, சோஷிரோ போன்றவை எல்லாம் சி மொழியில் இலவசமாகக் கிடைக்கின்றன. விதையை எழுதி வையுங்க. இன்னொருவர் அதே கணக்கை மறுபடி செய்து பார்க்க முடிய வேண்டும்.

கடவுச்சொல், சாவி போன்ற இரகசியத்துக்கு என்றால், மேலே சொன்ன எதுவும் வேண்டாம். போதுமான எண்களைப் பார்த்தவர் அடுத்ததைக் கணித்துவிடுவார். இயங்குதளத்திடமே கேளுங்க. லினக்ஸில் 2014 இலிருந்து 'கெட்ராண்டம்' என்ற அழைப்பு இருக்கிறது. கணினிக்குள் நடக்கும் சின்னச் சின்ன நேர வித்தியாசங்களையெல்லாம் சேர்த்துக் கலக்கித் தரும்.

இரண்டிலும் மீதி எடுக்கும்போது, சமமாகப் பங்கிட முடியாமல் மிஞ்சுகிற எண் வந்தால் அதை எறிந்துவிட்டு மறுபடி எடுங்க. அவ்வளவுதான், சாய்வு போய்விடும்.

மூன்றாவது, பொதுத் தெரிவு. வீடு, காணி, புலமைப்பரிசில், ஆய்வு மாதிரி என்று 'குலுக்கல் முறையில் தெரிவு' நடக்கிற எல்லா இடமும். இங்கே மிகச் சிறந்த உற்பத்தி முறையைப் பாவித்தாலும் போதாது. 'கம்ப்யூட்டர் எடுத்தது' என்பது கங்காணியின் 'சும்மா குடுத்தேன்' என்பதைவிட எந்த வகையில் மேல்? விதையைப் பத்துத் தடவை மாற்றி ஓட்டிப் பார்த்து, பிடித்த முடிவை மட்டும் அச்சடித்திருந்தால் யாருக்குத் தெரியும்? வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் எழுமாறு மாதிரியே இருக்கும்.

வழி உத்திரமேரூரில் இருக்கிறது. முதலில் பட்டியலை எல்லாரும் பார்க்க ஒட்டணும். நிரலை முன்கூட்டியே வெளியிடணும். அதற்குப் பிறகு, எல்லார் முன்னாலும் தாயக்கட்டையையோ சீட்டையோ போட்டு விதையை எடுக்கணும். அந்த விதையைப் போட்டு யார் ஓட்டினாலும் அதே பெயர்கள் வரும். வீட்டில் மடிக்கணினி வைத்திருக்கிற எந்தப் பிள்ளையும் சரிபார்க்கலாம். இதுதான் சி நிரல் ஐந்து விரலை விரித்துக் காட்டுகிற விதம்.

குடத்துக்குள் யார் பெயர்?

உத்திரமேரூரைப் பெருமையோடு மட்டும் சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. குடம் நியாயமாகக் குலுங்கியது. ஆனால் குடத்துக்குள் பெயர் போக, சொந்தக் காணி வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். காணி இல்லாதவன் பெயர் ஓலையிலேயே ஏறவில்லை. எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், உள்ளே இல்லாத பெயர் வெளியே வராது.

இதை மலையகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1947 தேர்தலில் எங்கள் மக்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. பெரும்பாலானவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் போனது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நடக்கும் எந்த நேர்மையான எண்ணலும் நேர்மையாகாது. சென்ட் கூம்ஸ் போன்ற மலைகளில் கிள்ளிய கொழுந்து துல்லியமாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த அதே தலைமுறையில்தான் கிள்ளியவர்கள் கணக்கிலிருந்து இறக்கப்பட்டார்கள்.

ஆகவே எங்கேயாவது 'எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டது' என்று கேட்டால், மூன்று கேள்வி கேளுங்க. பட்டியலில் எல்லாரும் இருந்தார்களா? எல்லாருக்கும் சம வாய்ப்பு இருந்ததா? அதை நாங்களே சரிபார்க்க முடியுமா? முதல் கேள்வி அரசியல், இரண்டாவது கணக்கு, மூன்றாவது இரண்டும் சேர்ந்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட சி மொழி தெரிந்த பிள்ளைகள் இப்போது ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறார்கள். 'ராண்ட்' என்று ஒரு வரி எழுதும்போது அந்த எண் எங்கிருந்து வருகிறது, எது வரை போகிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பார்த்து எழுதுங்க. அந்த வரிக்கு மறுபக்கத்தில் யாரோ ஒருவரின் வீடு இருக்கலாம்.